ஹேண்ட்பிரேக் மேலே இருந்ததா, கீழே இருந்ததா

ஜீவராணி அத்தை காரைப் பூட்டிவிட்டு நேராக நடந்து போய் நான் பார்த்ததில்லை. ரிமோட்டை அமுக்குவார். கார் இரண்டு தரம் கீச்சிடும், நான்கு மூலையிலும் மஞ்சள் விளக்கு மின்னி அணையும். மற்றவர்களுக்கு அதோடு வேலை முடிந்துவிடும். அத்தை சாரதிக் கதவின் பிடியை இழுத்துப் பார்ப்பார், பிறகு அதன் பின்கதவை, பிறகு டிக்கியை, சுற்றி வந்து மறுபக்கம் இரண்டையும். கொட்டுகிற மழையிலும் ஒரு கதவை விட்டதில்லை. என் பதினான்கு வயதிலிருந்து இருபத்துநான்கு வரை இதைப் பார்த்திருக்கிறேன்.

காரணம் இருந்தது. கார் வாங்கிய புதிதில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை பதுளைக்கு கிளினிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ரிமோட் கீச்சிட்டது, விளக்கும் மின்னியது. ஆனால் இடது பின்கதவின் பூட்டு மட்டும் விழவில்லை. திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணின் பை இல்லை. பைக்குள் காசு ஒன்றும் பெரிதாக இல்லை, முந்தைய ஸ்கேன் எல்லாம் இருந்தது. அன்றிலிருந்து அத்தை சொல்வது இதுதான்: "பூட்டிட்டேன்னு ரிமோட்டு சத்தந்தான் போடும். பூட்டியிருக்கான்னு கைதான் பாக்கணும்."

அவர் எனக்குச் சொந்த அத்தை இல்லை. நமுனுகுலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளான ஒரே லயத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவருடையது. கணவர் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். மகளை பண்டாரவளையில் கட்டிக்கொடுத்தாயிற்று. அத்தை குவைத்தில் எட்டு வருஷம் வீட்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். மற்றவர்கள் வந்தால் காம்பராவுக்கு முன்னால் ஒரு அறை இழுத்துக் கட்டுவார்கள், டைல்ஸ் போடுவார்கள். அத்தை பதுளையில் கார் ஓட்டப் பழகி, இரண்டாம் தரத்தில் லைசன் எடுத்து, யாரோ பாவித்த ஒரு சின்ன வெள்ளைக் காரை வாங்கிவந்து லயத்துக்கு மேலே ரோட்டில் நிறுத்தினார்.

தோட்டத்தில் அதுவரை வாடகைக்கு ஹயர் ஓடியவர் மயில்வாகனம் மாமா, ஆட்டோக்காரர். அவருக்கு அந்தக் காரைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"குவைத்துல ஒட்டகம் மேச்சவளுக்கு இங்க காரு கேக்குதோ?"

"ஒட்டகம் நான் சொன்னா நிக்கும்ணே" என்றார் அத்தை. "ஒங்க ஆட்டோ நிக்குமா?"

மாமா நேராகப் போகும்போதும் நாற்சந்தியில் நாலு பக்க விளக்கையும் எரியவிடுகிற ஆள். இந்தப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான். ஒருநாள் பசறைச் சந்தியில் இருவரும் அருகருகே நின்றபோது அத்தை கண்ணாடியை இறக்கி, "அண்ணே, நாலும் எரிஞ்சா வண்டி கேடுன்னு அர்த்தம்" என்றார்.

"நேரா போறேன்னும் அதான் அர்த்தம்."

"அப்ப நேரா போற நேரமெல்லாம் நீங்க கேடா?"

பின்சீட்டில் இருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமா அன்று முழுக்க எங்களோடு பேசவில்லை.

இந்த அர்த்தமெல்லாம் அத்தைக்குத் தெரிந்த கதை வேறு. காரோடு ஆங்கிலத்தில் ஒரு கையேடு வந்தது. லயத்தில் ஆங்கிலம் ஓரளவு வாசிக்கக்கூடியவள் நான்தான் என்று ஒரு பேச்சு. அகராதியை வைத்துக்கொண்டு நான் வாசித்துச் சொல்ல, அத்தை ஒரு கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டார். டாஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தால் என்ன, பின்கதவின் ஓரத்தில் இருக்கிற சின்ன நெம்புகோலைக் கீழே தள்ளினால் பிள்ளைகள் உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாது, ரிமோட்டின் பட்டரி குறைந்தால் சாவியால் எப்படித் திறப்பது, அலாரம் தானாக அடித்தால் எப்படி நிறுத்துவது. நான் பிழையாகச் சொன்னவையும் அந்தக் கொப்பியில் இருக்கும்.

"இந்த வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி என்னடி சொல்லுது கம்சி?"

"பிரேக் எண்ணெய் கொறஞ்சாலும் எரியுமாம், ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தாலும் எரியுமாம்."

"ரெண்டுக்கும் ஒரே வெளக்கா? அப்ப எதுன்னு எப்பிடித் தெரியும்?"

"அது புத்தகத்துல இல்ல அத்தை."

"இல்லாததத்தான் நமக்குத் தெரியணும்."

அப்படி இல்லாதவற்றை அவர் கேட்டுத் தெரிந்துகொண்ட இடம் ஹபீஸ் நானாவின் கராஜ். பதுளை போகும் வழியில் பசறை வீதியோரத்தில் தகரம் போட்ட ஒரு சின்ன இடம். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்; அவருக்கு நாற்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுவார், அதைவிட மெதுவாக வேலை செய்வார். விழாமல்போன அந்தக் கதவுப் பூட்டைச் சரிசெய்து கொடுத்தவர் அவர். எங்கள் தோட்டத்து ஆட்டோக்கள், கோவில் கமிட்டி வேன், மரக்கறி லொறி எல்லாம் அவரிடம்தான் போகும். பிரேக் வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை என்று மயில்வாகனம் மாமாவே சொல்வார்.

இரண்டாம் வருஷத்தில் அத்தைக்கு பிள்ளைகள் கிடைத்தார்கள். பசறைப் பாடசாலைக்குப் போகிற நான்கு சின்னப் பிள்ளைகள். காலை பஸ் ஒன்று ஆறு மணிக்கு, மற்றது எட்டுக்கு. தாய்மார் ஏழு மணிக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு நிற்க வேண்டும். ஆகவே யாராவது ஒருவர் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத்தான் கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டும். ஒரு பெண் ஓட்டுகிற காரில் ஏற்றுவதா என்று ஒரு வருஷம் யோசித்தார்கள். கடைசியில் சரஸ்வதி அக்கா முதலில் மகன் பிரவீனனை ஏற்றினார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பிறகு ஏற்றினார்கள். பின்சீட்டில் நான்கு பேர், முன்சீட்டில் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான்.

அத்தைக்கு அது வெறும் ஹயர் இல்லை. "கிளினிக்குக்கு வழியில்லாம ஏறுவாங்க" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "புள்ளைய நம்பித்தான் ஏத்துவாங்க. இந்த நாலும் போச்சுன்னா நான் மறுபடியும் ஒட்டகம் மேச்சவதான்."

நான் சொல்ல வந்தது சரஸ்வதி பூசைக்கு மறுநாள் நடந்ததை. எனக்கு அப்போது பதினேழு வயது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஹபீஸ் நானா காரின் ஹேண்ட்பிரேக் கேபிளை மாற்றியிருந்தார். பழையது நீண்டுபோயிருந்தது. மாற்றிவிட்டு எங்களையும் ஏற்றிக்கொண்டு கராஜுக்குப் பின்னாலுள்ள ஏற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இழுங்க. சத்தத்த எண்ணுங்க."

அத்தை இழுத்தார். டக், டக் என்று ஐந்து.

"அஞ்சு. இனி கால எடுங்க, மெல்ல. நிக்கிதா? எந்த நாளும் அஞ்சுதான் வரணும். ஏழு எட்டு வந்தா கேபிள் நீண்டிரிக்கி, என்னட்ட கொண்டு வாங்க. சத்தமே வரல்லயா, இறங்க வாணாம்."

அதையும் கொப்பியில் எழுதினோம்.

வியாழக்கிழமை பூசை. தோட்டத்து வாகனங்கள் எல்லாம் கழுவி, மாரியம்மன் கோவில் முன்றலில் வரிசையாக நின்றன. பூசாரி முன்பக்கக் கண்ணாடியில் திருநீறு பூசி, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தார். உள்ளே பொட்டு வைக்கிற வேலையை அத்தை என்னிடம் தந்தார். சந்தனக் கிண்ணத்தில் நல்ல கட்டியாகக் குழைத்திருந்தார்கள். ஸ்டியரிங்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, ஹேண்ட்பிரேக்குக்கு ஒன்று. வண்டி ஓட்டுகிறவர்கள் கைபடுகிற இடத்துக்கெல்லாம் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தையின் கார் என்பதால் நான் தாராளமாக வைத்தேன். ஹேண்ட்பிரேக் பிடியின் நுனியில் அமுக்குகிற பட்டன் இருக்கிறதே, அதன் மேல் மூன்று விரலால் அப்பி, நடுவில் குங்குமமும் அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை பனி மூட்டம். கண்ணாடியில் நீர் படியாமல் இருக்க எஞ்சினை ஓடவிட்டு, காற்றையும் போட்டுக்கொண்டு, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவுக்கு மேலேயுள்ள சரிவில் அத்தை காரை நிறுத்தினார். பிரவீனனும் இன்னொரு சிறுமியும் ஏற்கனவே பின்னால் ஏறி, முதல்நாள் கோவிலில் கேட்ட பாட்டைக் கத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியில் நின்றேன். மூன்றாவது பிள்ளை ஒரு சப்பாத்தோடு ஓடிவந்தான், மற்றது கையில். அவனுடைய தாய் பெரட்டுக்குப் போய்விட்டார். அத்தை ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, குனிந்து அவனுக்கு சப்பாத்து மாட்டினார்.

மற்ற நாட்களில் எஞ்சினை அணைத்து, கியரில் விட்டுத்தான் இறங்குவார். அன்று எஞ்சின் ஓடியதால் கியர் இல்லை. சத்தத்தையும் எண்ணவில்லை. பாட்டுச் சத்தத்தில் எண்ணவும் முடியாது.

கார் பின்னால் போனது. வேகமாக இல்லை, யாரோ பின்னால் நின்று இழுப்பதைப் போல. எனக்கு முதலில் நான்தான் முன்னால் நகர்கிறேனோ என்று தோன்றியது. அத்தை "ஏய்" என்று கத்திக்கொண்டு பாய்ந்தார். இருபது அடி போய், மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்து மண்மேட்டில் பின்பக்கம் இடித்து நின்றது. அந்த மேட்டுக்குக் கீழே அடுத்த லயத்தின் கூரை.

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். முன்கதவைத் திறந்தேன். ஹேண்ட்பிரேக் லிவர் கீழே படுத்திருந்தது. அத்தை வந்து சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார், லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பிரவீனனுக்கு உதடு கிழிந்து இரத்தம். சிறுமிக்கு ஒன்றுமில்லை, ஆனால் அவள்தான் அதிகம் அழுதாள்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். பெரட்டுக் களத்திலிருந்து தாய்மார் கூடையோடு ஓடிவந்தார்கள். சரஸ்வதி அக்கா மகனைத் தூக்கி, சேலை முனையால் வாயைத் துடைத்தார்.

"ஒன்ன நம்பித்தானேடி ஏத்துனேன்!"

மயில்வாகனம் மாமா மண்மேட்டையும் கூரையையும் மாறிமாறிப் பார்த்தார். "நான் அன்னைக்கே சொன்னேன். பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்பிடித்தான். இன்னும் ரெண்டு அடி போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அத்தை காருக்குள்ளிருந்தே சொன்னார். "ஹேண்ட்பிரேக் போட்டேன். போட்டுட்டுத்தான் எறங்குனேன். செவ்வாக்கெழமதான் ஹபீஸ் நானா புதுக் கேபிள் போட்டாரு."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை வந்ததும் கூட்டம் திரும்பியதை நான் பார்த்தேன்.

"அப்ப பாய் செஞ்ச வேலதான்" என்றார் யாரோ.

"மூணு நாளு தாங்கல பாரு."

சரஸ்வதி அக்காவின் முகமும் கொஞ்சம் இளகியது. கோபம் போகவில்லை, போவதற்கு வேறு இடம் கிடைத்துவிட்டது.

மாலையில் அத்தையும் நானும் காரைச் சுத்தம் செய்தோம். அவர் லிவரை இழுத்தார். ஒரு சத்தமும் வரவில்லை. கையை எடுத்த பிறகு கொஞ்சம் ஒட்டி நின்று, மெல்லக் கீழே விழுந்தது. மீண்டும் இழுத்தார், விழுந்தது. பிடியின் நுனியைப் பார்த்தார். பட்டன் உள்ளே போயிருந்தது, வெளியே வரவில்லை; அது வெளியே வந்தால்தான் லிவர் பிடித்து நிற்கும். சுற்றிலும் சந்தனம் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. ஒரு ஊசியை எடுத்துச் சுரண்டினார். மஞ்சளும் சிவப்புமாகத் தூள் உதிர்ந்தது. பட்டன் டக் என்று வெளியே குதித்தது. லிவரை இழுத்தார். ஐந்து சத்தம். அப்படியே நின்றது.

அப்பியவள் நான் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"கேபிளுக்கு ஒண்ணுமில்ல" என்றார் அத்தை.

"போய்ச் சொல்லிருவோம் அத்தை."

"என்னன்னு சொல்றது? சந்தனம் ஒட்டுனது தெரியாம, சத்தத்த எண்ணாம, கியர்ல போடாம, புள்ளைங்கள உள்ள வச்சிட்டு எறங்குனேன்னா? அதுக்கப்புறம் எவ ஏத்துவா?" உதிர்ந்த தூளைத் துடைத்துக்கொண்டே, "நீ வச்சன்னும் சொல்லணும்" என்றார்.

அவர் என்னை மிரட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என் வாயை அடைத்தது. அத்தைக்காக நான் பேசாமல் இருந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு அவருக்காக, எவ்வளவு எனக்காக என்று பிரித்துப் பார்க்கிற துணிவு பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் வந்தது. பிரித்துப் பார்த்ததில் எனக்கான பங்குதான் கூட.

சனிக்கிழமை காலை ஹபீஸ் நானாவே பஸ் ஏறி, தூக்கமுடியாத சாமான் பையோடு தோட்டத்துக்கு வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் மறுபடியும் கூடியது. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் முதலில் கேட்டது, "பிள்ளைக்கி எப்பிடி இரிக்கி?" பிரவீனனைக் காட்டினார்கள். உதட்டில் வீக்கம். அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

பிறகு காரில் ஏறி லிவரை இழுத்தார். ஐந்து சத்தம். இறக்கினார், இழுத்தார். ஐந்து. வெளியே வந்து அத்தையைப் பார்த்தார்.

"அக்கா, ஒண்டு மட்டும் சரியாச் சொல்லுங்க. கார் போய் இடிச்ச நேரம் லிவர் மேல இரிந்ததா, கீழ இரிந்ததா?"

கூட்டத்துக்கு அந்தக் கேள்வி விளங்கியிருக்காது. எனக்கும் அப்போது முழுதாக விளங்கவில்லை. லிவர் கீழே விழுந்திருந்தால் அது பிடித்துக்கொள்ளவே இல்லை, பிழை பிடியில், அல்லது இழுத்தவர் கையில். லிவர் மேலே நின்றபடியே கார் ஓடியிருந்தால் பிழை கேபிளில். கேபிள் அவர் போட்டது.

அத்தைக்கு விளங்கியது. அவர் சரஸ்வதி அக்காவைப் பார்த்தார், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிரவீனனைப் பார்த்தார்.

"மேலதான் இருந்துச்சு நானா."

நான் அவருக்கு நான்கு அடி தூரத்தில் நின்றேன்.

ஹபீஸ் நானா தலையை ஆட்டினார். தரையில் சாக்கை விரித்து காருக்குக் கீழே போனார். செவ்வாய்க்கிழமை போட்ட கேபிளைக் கழற்றினார், பையிலிருந்து இன்னொரு புதியதைப் போட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. காசு வேண்டாம் என்றார். கழற்றிய கேபிளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். போகுமுன் சரஸ்வதி அக்காவிடம், "என்ட கையால நடந்த பிழை. மன்னிச்சிக்கங்க" என்று சொன்னார்.

"பாத்தீங்களா, அவரே ஒத்துக்கிட்டாரு" என்றார் மயில்வாகனம் மாமா.

திங்கட்கிழமை நான்கு பிள்ளைகளும் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு அத்தையைப் போல வண்டியைப் பார்த்துக்கொண்டவர் யாரும் இல்லை என்றே சொல்வேன். ஒரு நிமிஷம் நிறுத்தினாலும் எஞ்சின் அணையும், கியர் விழும், சக்கரத்துக்குப் பின்னால் கல் வைப்பார். வருஷா வருஷம் பூசைக்குக் கார் போகும், ஆனால் பொட்டு வெளியே மட்டும். "உள்ளுக்கு வேணாம், சீட்டு அழுக்காகும்" என்று பூசாரியிடம் சொல்வார். ஆறரை வருஷம் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றினார். பெற்றோல் வரிசைக் காலத்தில் மூன்று நாள் காரிலேயே இருந்து பெற்றோல் அடித்து, ஹயரெல்லாம் விட்டுவிட்டு பாடசாலைக்கு மட்டும் ஓடினார். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் வந்ததில்லை. என்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். லயத்தில் முதலில் போனவள் நான் என்பதால் முன்பக்கக் கண்ணாடியில் பூமாலை கட்டிக்கொண்டு போனார்.

ஆனால் ஹபீஸ் நானாவின் கராஜுக்கு அவர் போகவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்தே யாரும் போகவில்லை. ஆட்டோக்களும் கோவில் வேனும் அவரைத் தாண்டி வேறு இடத்துக்குப் போயின. அத்தை மகள் வீட்டுக்குப் போகும் சாக்கில் பண்டாரவளையில் சேர்விஸ் செய்வார்.

ஒரு வருஷம் போயிருக்கும். மயில்வாகனம் மாமா லயத்துக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். "கேட்டியா ஜீவராணி, ஒங்க பாய் பிரேக் வேலையவே விட்டுட்டாராம். பலகை எழுதிப் போட்டிருக்காரு. கண்ணாடி மோட்டரு, கதவுப் பூட்டு, அலாரம், இதுதானாம் இனிமே."

"ஏன்?" என்றார் அத்தை.

"ஏன்னு நான் போய்க் கேக்கவா?"

அந்த வார விடுமுறையில் அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் புறப்பட்டார். கராஜுக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்தினார். பலகை உண்மைதான். பெரிய எழுத்தில், பிரேக் வேலை செய்வதில்லை. உள்ளே ஹபீஸ் நானா ஒரு வேனின் கதவைப் பிரித்துக்கொண்டிருந்தார். சுவரில் ஆணியில் ஒரு கேபிள் சுருட்டித் தொங்கியது. அதுதானா, வேறா என்று எனக்குத் தெரியாது. அத்தை எஞ்சினை அணைத்தார். கியரில் போட்டார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். இறங்கவில்லை.

"வாங்க அத்தை. நானும் வாறேன்."

"இன்னைக்கிச் சொன்னா நாளைக்கித் தோட்டத்துக்கு வரும். பிரவீனனுக்கு அஞ்சாம் வகுப்பு சோதனை வருது. முடியட்டும்."

அந்தச் சோதனை முடிந்தது. அதற்குள் வேறு பிள்ளைகள் ஏறிவிட்டார்கள், அவர்களுக்கும் ஐந்தாம் வகுப்பு வந்தது. ஒவ்வொரு வருஷமும் காரணம் உண்மையானதாகவே இருந்தது. நான் விடுமுறைக்கு வரும்போது கேட்பேன். "நான் சொல்றேன், நீ முந்தாத. அது என் வாயால வரணும்" என்பார். நான் முந்தவில்லை. அது வசதியாகவும் இருந்தது.

போன மாசியில் ஒருநாள் காலை அத்தை எழும்பவில்லை. பிரஷர் இருந்தது. ஐம்பத்து மூன்று வயது. அவர் ஏற்றி இறக்கிய பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள், மீசை முளைக்கத் தொடங்கிய பிரவீனன் உட்பட. சரஸ்வதி அக்கா கூட்டத்தில் சொன்னார், "ஒரு நாளாவது அவ பொய் சொல்லி நான் பாத்ததில்ல." நான் கையில் இருந்த தேத்தண்ணித் தட்டோடு அடுத்த காம்பராவுக்குப் போனேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்து ஒரு வாரத்தில் நான் ஹபீஸ் நானாவிடம் போனேன். பட்டதாரி நியமனத்துக்காக அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கிவிட்டு வருகிற வழி. அவர் ஒரு ரிமோட்டைத் திறந்து பட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். தலைமயிர் நரைத்திருந்தது. ஜீவராணி அத்தையின் லயத்துப் பிள்ளை என்றதும் அடையாளம் கண்டார்.

"அக்கா மௌத்தான செய்தி கேட்ட. நல்ல மனிசி. ஒரு காச கூடக் கேக்காம என்னய விட்டவங்க."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனத்தை, உள்ளே போன பட்டனை, ஊசியை, ஐந்து சத்தத்தை. கடைசியில், "லிவர் கீழதான் இருந்துச்சு நானா. நான்தான் மொதல்ல கதவத் தொறந்தேன்" என்றேன்.

அவர் ரிமோட்டின் மூடியை அழுத்திப் பூட்டினார். அமுக்கிப் பார்த்தார். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அவங்க மேலதான் இரிந்ததுன்னு சொன்னாங்க."

"பயத்துல சொன்னாங்க. புள்ளைங்கள ஏத்த மாட்டாங்கன்னு."

"தங்கச்சி, நீங்க படிச்ச பிள்ள. என்ட பலகையக் கண்டிருப்பீங்க. மனசுக்குக் கஷ்டமா இரிந்திரிக்கும், ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"ஆறுதலுக்கு இல்ல நானா. சத்தியமா."

"அப்ப அன்டைக்கி ஏன் சொல்லல்ல? நீங்களும் அங்கதானே நிண்டீங்க."

என்னிடம் பதில் இருந்தது. மேலே எழுதியதுதான். ஆனால் அந்தக் கராஜில், அவர் முகத்துக்கு நேரே, அது பதிலாக வரவில்லை.

அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "அந்தக் கேபிள எத்தன தரம் கழுவிப் பாத்திரிப்பேன் தெரியுமா? ஒரு பிழையும் காணல்ல. காணாததுதான் பயம். என்ன பிழைன்னு தெரிஞ்சா அடுத்த தரம் அதச் செய்யாம இரிக்கலாம். தெரியாட்டி எல்லா வண்டியிலயும் அதே கைதானே படுது? அந்தப் பிள்ளைட வாய் எனக்கு இன்னம் ஞாபகம்." ரிமோட்டைத் துணியால் துடைத்தார். "லிவரக் கடைசியா இழுத்தவங்க அவங்க. அவங்க வந்து கீழதான் இரிந்திச்சுன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் அடுத்த நாளே பலகையக் கழட்டியிருப்பேன். இப்ப நீங்க சொல்றீங்க, அவங்க இல்ல. மௌத்தானவங்க சொன்னதப் பொய்யிண்டு நான் எப்பிடி எடுக்க?"

"என்ன நம்பலாம் நானா."

"நம்பாம இல்ல. போதாது."

அந்த நேரம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டிவந்த பையன் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. பிரேக்கை மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது, பார்த்துத் தர முடியுமா என்று கேட்டான். ஹபீஸ் நானா எழுந்து வெளியே போனார். ஆட்டோவின் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். கை சக்கரத்தின் பக்கம் போய்ப் பாதியில் நின்றது.

"நான் செய்றல்ல தம்பி" என்றார். "மூணு கட தாண்டிப் போங்க. மெல்லப் போங்க, எறக்கம் இரிக்கி."